கீறிட்ட இடம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு வாக்கியத்தின் நடுவே கிடக்கும் சிறு கீறு ஒன்றே அது. 'கீறிட்ட இடத்தை நிரப்புக' என்னும் கட்டளையைக் கண்டிராத மாணாக்கர் நம் நாட்டில் இருக்கமுடியாது. ஆங்கிலப் பாடத்திலோ இந்த அப்பியாசம் ஆரம்ப வகுப்பிலிருந்து பரீட்சை மண்டபம் வரையிற் பிள்ளையைத் தொடர்ந்து வருகின்றது. புத்தகக் கடைகளில் விற்கும் மாதிரி வினாத்தாள்களுள் இஃது இல்லாத தாள் அரிது. இத்தனை வருடம் இத்தனை ஆயிரம் கீறுகளை நிரப்பிய பிள்ளை, பாடசாலையை விட்டு நீங்கும்போது ஒரு விடுமுறைக் கடிதம் எழுதத் தடுமாறுகின்றானே, அஃது ஏன் என்பதே என் கேள்வி. குறை அப்பியாசத்தில் இல்லை. அதனை நாம் செய்விக்கும் முறையில் உள்ளது என்பது என் துணிபு. நான் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றவனல்லன், கலைப்பட்டதாரி. ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் அந்தப் பாடவேளை யாராவது ஒருவர் தலையில் விழுமல்லவா? அவ்வாறு என் தலையில் விழுந்த பாடவேளைகளிற் கற்றுக்கொண்டதையே சொல்லப்போகின்றேன்.

வானொலியிற் கீறு இட இயலாது. ஆதலால் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லும்போது நான் சற்று நிறுத்தும் இடத்தையே கீறிட்ட இடமெனக் கொள்ளுங்கள். இதோ ஒரு வாக்கியம்: 'ஹீ வென்ட் டு த மார்க்கெட் டு ...... ஃபிஷ்.' அவன் மீன் வாங்கச் சந்தைக்குப் போனானா, விற்கப் போனானா? 'பை' என்பதா, 'செல்' என்பதா? இரண்டும் இலக்கணத்துக்குப் பொருந்தும். அடுத்த வாக்கியத்தையுங் கேளுங்கள்: 'ஹீ கேம் ஹோம் வித் ஆன் எம்ப்டி பர்ஸ்.' வெறும் பணப்பையோடு வீடு திரும்பினான் என்றதும் 'பை' என்பதே பொருத்தமென அறிகிறோம். 'எம்ப்டி' என்பதை நீக்கி 'ஃபுல்' என்று மாற்றிவிடுங்கள், பணப்பை நிறைந்துவிட்டது, இப்போது 'செல்' என்பதே விடை. விடையைத் தீர்மானித்தது கீறுக்கு முன்னிருந்த சொல்லன்று. பின்னால், அடுத்த வாக்கியத்தின் கோடியில் நின்ற ஒரு சொல். நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் கண்ணைக் கீறு வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திக்கொள்கின்றனர். அதற்கப்பால் ஒரு வாக்கியம் இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

அதற்கு நாமே காரணம். பத்து இடங்கள், பெட்டிக்குள் பத்துச் சொற்கள் என்று கொடுத்தால், கெட்டிக்காரப் பிள்ளை தெரிந்த ஆறினை முதலில் நிரப்பும். எஞ்சிய நான்கையும் நீளத்தைப் பார்த்தோ, பக்கத்து மேசையைப் பார்த்தோ இட்டுவிடும். பத்துக்கு எட்டுப் புள்ளி கிடைக்கும். ஆனால் பிள்ளை செய்தது கழித்தற் கணக்கு. அதில் ஆங்கிலம் எங்கே? பெட்டியே கூடாதென்று நான் சொல்லவில்லை. புதிய சொற்களை அறிமுகஞ் செய்யும் நாளில் அது வேண்டும். அப்போதும் இரண்டு மூன்று சொற்கள் மிகுதியாய் இருக்கட்டும். மறுவாரம் அதே சொற்களைப் பெட்டியின்றிக் கேளுங்கள். ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பதிலும், நினைவிலிருந்து முயன்று வெளியே எடுப்பதே அதனை நெடுநாள் மனத்தில் நிறுத்துகின்றது. ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இதனை ஆய்வின்றியே அறிந்திருந்தனர்.

இந்த அப்பியாசத்தின் பிறப்பைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், மறதி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை 1885ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து நூல் எழுதியவர். பிரெஸ்லாவு நகரத்துப் பிள்ளைகள் தொடர்ந்து பல மணிநேரம் வகுப்பிலிருப்பதாற் களைப்படைகின்றனரா என்று கண்டறியும் முயற்சியில் அவரும் ஈடுபட்டார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் ஓர் உரைநடைப் பகுதியில் ஆங்காங்கே சொற்களையும் அசைகளையும் நீக்கிப் பிள்ளைகளிடம் நிரப்பக் கொடுத்தார். அம்முறையை விளக்கி அவர் 1897இற் கட்டுரை வெளியிட்டார். பின்னர் 1953இல் வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்கர், பத்திரிகைக் கட்டுரையொன்று வாசகருக்கு எவ்வளவு எளிதாய் விளங்கும் என்பதை அளக்க இதனையே கையாண்டார். குறித்த எண்ணிக்கைக்கு ஒரு சொல்லாக, என்ன சொல்லென்று பாராமலே நீக்கிவிடுவது அவர் முறை. அதற்கு அவர் 'க்ளோஸ்' என்று பெயரிட்டார். முற்றுப்பெறாத வட்டத்தைக் கண்டாலும் அதனை முழுவட்டமாகவே காண விழைகின்றது மனித மனம் என்று ஜெர்மானிய உளவியலார் சிலர் கூறிய கொள்கையிலிருந்து எடுத்த பெயர் அது.

நம்மவர்க்கும் இது புதிதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோதும், பின்னர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சங்கநூல்களைப் பதிப்பித்தபோதும், செல்லரித்த ஏடுகளே அவர்கள் கையில் இருந்தன. சொல் அழிந்துபோன இடத்துக்கு முன்னும் பின்னும் நின்ற சொற்களையும், யாப்பையும், பொருளையும் சாட்சியாக வைத்தே அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சாட்சி போதாத இடத்தைப் புள்ளியிட்டே விட்டனர். புறநானூற்றில் அத்தகைய புள்ளிகளை இன்றுங் காணலாம். ஊகத்துக்கும் தீர்மானத்துக்கும் உள்ள வேற்றுமை அந்தப் புள்ளிகளில் இருக்கின்றது.

'சாட்சிச் சொல்' என்னும் பெயரை நான் வகுப்பிலும் வழங்குகின்றேன். விடையை எழுதிய பின், அந்த விடையைக் கேட்டுநின்ற சொல் எது என்று தேடி அதன்கீழ்க் கோடிடவேண்டும். 'ஹீ ...... டு ஸ்கூல் எவ்ரி டே' என்றால் 'கோஸ்' என்பது விடை. சாட்சிகள் இரண்டு: முன்னே 'ஹீ', பின்னே 'எவ்ரி டே'. பின்னதை 'யெஸ்டர்டே' என்று மாற்றினால் 'வென்ட்' வரும். விடைக்கு ஒரு புள்ளி, சாட்சிக்கு ஒரு புள்ளி. முதல் மாதம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், வேலை இரட்டிப்பாகின்றதல்லவா? இரண்டாம் மாதத்தில் விடை தவறினாலும் சாட்சியைச் சரியாகக் காட்டும் பிள்ளைகள் தோன்றுவர். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விடை சரியாயிருந்து சாட்சி காட்டமுடியாதவர்களைப் பற்றியே கவலை.

இனி, தமிழ்ப் பிள்ளை எங்கே இடறுகின்றது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்', 'த' என்னும் மூன்று சிறு சொற்கள் நம்மைப் படுத்தும்பாடு கொஞ்சமன்று. தமிழில் இவை இல்லையென்று சொல்லி ஆசிரியர் கைவிரிப்பதுண்டு. முற்றாக இல்லையென்பது சரியன்று. 'ஓர் ஊர்', 'ஒரு மரம்' என்கிறோம். உயிரெழுத்து வரும்போது 'ஓர்'. மெய் வரும்போது 'ஒரு'. 'ஆன் எக்', 'எ ட்ரீ' என்பதும் அதே ஒழுங்குதானே! 'யூனிவர்சிட்டி' என்பது எழுத்தில் உயிர்போலத் தோன்றினும் ஒலியில் யகரத்தில் தொடங்குகின்றது. ஆகையால் 'எ யூனிவர்சிட்டி'. 'அவர்' என்னும் மணிநேரச் சொல்லின் முதலெழுத்து ஒலிப்பதில்லை. ஆகையால் 'ஆன் அவர்'. காதுதான் இதற்கு இலக்கணம்.

'எ' என்பதற்கும் 'த' என்பதற்குமுள்ள வேற்றுமையோ இன்னும் நுட்பமானது. அதற்கும் தமிழிலே ஒரு வழி இருக்கின்றது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வேற்றுமை உண்டா என்று எட்டாந் தரத்து மாணவனைக் கேளுங்கள். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது நாம் முன்னரே பேசிக்கொண்ட அந்தப் புத்தகம் என்று அவன் தயங்காமற் சொல்வான். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்பதும் விரிந்து நிற்பதும் அஃறிணைப் பொருளில் இந்த வேற்றுமையைப் பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. முன்னதற்கு 'எ', பின்னதற்கு 'த'. 'ஐ பாட் ...... புக் யெஸ்டர்டே. ...... புக் இஸ் அபௌட் பேர்ட்ஸ்.' முதலில் 'எ', அடுத்து 'த'. முதல் வாக்கியத்தை மட்டும் தனியே அச்சிட்டு, ஒரே விடைதான் உண்டென்று பிடிவாதம் பிடிக்கும் அப்பியாசப் புத்தகங்களும் உண்டு. சாட்சியில்லாத வழக்கு அது, தள்ளுபடி செய்யவேண்டியது.

'சின்ஸ்', 'ஃபோர்' என்னும் இரண்டையும் மாறாட்டஞ் செய்யாத வகுப்பை நான் கண்டதில்லை. 'ஷீ ஹாஸ் வர்க்ட் ஹியர் ...... 2015.' 'ஷீ ஹாஸ் வர்க்ட் ஹியர் ...... டென் இயர்ஸ்.' இவற்றைத் தமிழிற் சொல்லிப்பாருங்கள்: '2015இலிருந்து', 'பத்து வருடங்களாக'. 'இலிருந்து' என்று வந்தால் 'சின்ஸ்'. 'ஆக' என்று வந்தால் 'ஃபோர்'. இதனை ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளை பின்னர் இவ்விடத்தில் அதிகம் பிழைவிடுவதில்லை. ஆனால் இதே வாக்கியத்தில் தமிழ் வேறொரு குழியும் வெட்டிவைத்திருக்கிறது. 'பத்து வருடங்களாக வேலை செய்கிறாள்' என்று நாம் நிகழ்காலத்திற் கூறுவதால், பிள்ளை 'ஷீ இஸ் வர்க்கிங் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்' என்று எழுதும். 'ஹாஸ் வர்க்ட்' அல்லது 'ஹாஸ் பீன் வர்க்கிங்' என்பதே ஆங்கில வழக்கு. தாய்மொழி கைகொடுக்கும் இடத்தையும் காலை வாரும் இடத்தையும் பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுவது ஆசிரியர் கடமை.

கீறிட்ட இடத்தில் எதையாவது இட்டே தீரவேண்டுமென்று யார் சொன்னது? 'வி டிஸ்கஸ்ட் ...... த மேட்டர்' என்னுமிடத்தில் எதுவும் வராது. 'விடயத்தைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்னும் தமிழ் காதில் ஒலிப்பதால் பிள்ளை 'அபௌட்' என்று எழுதும். படித்த பெரியவர்களும் எழுதுகின்றனர். 'வி ரீச்ட் ...... கொலம்போ' என்பதிலும் அப்படியே. 'ரீச்' என்பதைப் 'போய்ச்சேர்' என்று கற்பித்தால் 'கொழும்புக்கு' என்ற நான்காம் வேற்றுமை வந்து 'டு' என்பதையும் இழுத்துவரும். 'அடை' என்று கற்பித்தால் 'கொழும்பை அடைந்தோம்'. 'டு' வரவே வராது. இருபது வினாவில் மூன்று நான்காவது இத்தகைய வெறும் இடமாய் இருக்கட்டும். அப்போதுதான் பிள்ளை ஒவ்வொரு கீறையும் ஐயத்தோடு அணுகும்.

இலக்கணம் முழுதும் சரியாயிருந்தும் ஆங்கிலமாகாத வாக்கியங்கள் உண்டு. பலத்த மழையை 'ஹெவி ரெயின்' என்கிறார்கள். சாயம் கூடிய தேநீரை 'ஸ்ட்ராங் டீ' என்கிறார்கள். இவற்றை இடம் மாற்றினால் ஆங்கிலேயன் விழிப்பான். நாம் மருந்து குடிக்கிறோம். அவன் 'டேக்' செய்கிறான். நாம் பிழை விடுகிறோம். அவன் 'மேக்' செய்கிறான். இவற்றுக்கு விதியில்லை; பழக்கமே விதி. சொல்லைத் தனியே பட்டியலிட்டு மனனஞ் செய்வித்தால் இந்தத் துணைகள் பிரிந்துபோகின்றன. ஆகையாற் சொல்வளப் பயிற்சியில் துணைச் சொல்லையே கீறாக்குக. எந்தச் சொற்களை முதலில் எடுப்பது என்று மலைப்பவர்க்கு, டாக்காவில் நெடுங்காலம் கல்விப்பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல் ஒரு நல்ல தொடக்கம். ஏறக்குறைய 2000 சொற்கள் அதில் உண்டு. இலக்கணத்தைத் தாமே கற்க விரும்பும் வளர்ந்தோர்க்கு, ரேமண்ட் மர்ஃபி 1985இல் எழுதிய நூல் உதவும். இடப்பக்கம் விளக்கமும் வலப்பக்கம் கீறிட்ட வாக்கியங்களுமாக அமைந்தது அது. விடைகள் நூலின் இறுதியிற் கிடைக்கும். அவற்றைப் பார்க்குமுன் சாட்சியைத் தேடும் பொறுமை வேண்டும்.

இடையே ஒரு செய்தி. 2018இல் கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் 'பேர்ட்' என்னும் கணினி மொழியமைப்பொன்றை வெளியிட்டனர். பெருந்தொகையான வாக்கியங்களில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றிற் பெரும்பாலானவற்றை மறைத்துவிட்டு, இருபுறத்துச் சொற்களையும் கொண்டு அவற்றைக் கண்டுபிடிக்குமாறு அந்த யந்திரத்தைப் பழக்கினர். டெய்லருடைய 1953ஆம் ஆண்டுக் கட்டுரையை அவர்கள் தம் ஆய்வுரையிற் குறிப்பிட்டும் உள்ளனர். யந்திரங்கூடக் கீறுக்கு அப்பால் வாசிக்கின்றது. நம் பிள்ளை வாசிக்கலாகாதா?

இப்போது என் தவறொன்றைச் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன் வன்னியில் ஒரு சிறு பாடசாலையில் நான் பணியாற்றியபோது, கடையில் வாங்கிய அப்பியாசப் புத்தகமொன்றிலிருந்து ஒரு வினாவைக் கொடுத்தேன். 'மை மதர் ...... ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ் எவ்ரி மோர்னிங்.' புத்தகத்தின் விடை 'மேக்ஸ்'. ஒரு மாணவி 'செல்ஸ்' என்று எழுதியிருந்தாள். நான் புள்ளடி இட்டேன். முப்பது கொப்பிகளில் அதுவும் ஒன்று; எனக்கு அது நினைவிலும் தங்கியிராது. சில நாட்களின் பின் ஒருநாட் காலை பஸ் தரிப்பிடத்தின் அருகே இடியப்பம் வாங்கப் போனேன். விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் அந்தப் பிள்ளை குந்தியிருந்து கடதாசியிற் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டது.

வீடு சென்று அந்த விடையை மீட்டும் நினைத்துப்பார்த்தேன். 'மதர்' என்னும் ஒருமைக்கேற்ப வினையின் ஈற்றில் 'ஸ்' சேர்த்திருந்தாள். 'எவ்ரி மோர்னிங்' என்பதற்கேற்ப நிகழ்காலத்தில் எழுதியிருந்தாள். வாக்கியம் கேட்ட அனைத்தையும் கொடுத்திருந்தாள். அதற்கு மேலே உண்மையையும் சொல்லியிருந்தாள். மறுநாள் கொப்பியை வாங்கிப் புள்ளடியை வெட்டிச் சரியிட்டேன். அவள் சொன்ன சொல் இன்றும் காதில் இருக்கிறது: "பரவாயில்லை சேர், விடைப் புத்தகத்திலை மேக்ஸ் எண்டுதானே கிடக்கு." தன் தாய் செய்யும் தொழிலைவிட விடைப் புத்தகமே மெய் என்று அந்தப் பிள்ளை நம்பும்படி செய்துவிட்டேனே என்று வெட்கினேன். முன்பெல்லாம் வகுப்பிற் கை உயர்த்தும் பிள்ளை அவள். மறுபடி கை உயர்த்த ஒரு தவணை முழுதுஞ் சென்றது.

டெய்லர் மூலத்திலிருந்த அதே சொல்லை எழுதினாற்றான் சரியென்று கொண்டார். அவர் அளந்தது கட்டுரையின் எளிமையை. ஆகையால் அது குற்றமன்று. பொருந்தும் சொற்கள் எல்லாவற்றையும் சரியென்று கொண்டு திருத்தினாலும் மாணாக்கரின் தரவரிசை பெரும்பாலும் மாறுவதில்லை என்று பின்வந்த ஆய்வாளர் கண்டனர். பரீட்சைத் திணைக்களத்துக்கு அந்தச் செய்தி போதும், வகுப்பறைக்குப் போதாது. வகுப்பில் நாம் வரிசைப்படுத்த இருக்கவில்லை, கற்பிக்க இருக்கின்றோம். புத்தக விடையோடு மாறுபட்ட விடை வந்தால் நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். இலக்கணம் இடங்கொடுக்கின்றதா? அடுத்த வாக்கியம் மறுக்கின்றதா? ஆங்கிலேயர் அவ்வாறு வழங்குவரா? மூன்றாவதற்கு எனக்கே விடை தெரியாவிடின் அகராதியை எடுக்கிறேன், பிள்ளைகள் பார்க்கவே.

இனி அந்த விடுமுறைக் கடிதம். ஒரு சொல்லளவான கீறிலேயே பத்து வருடமும் நின்றுவிட்டாற் கடிதம் எங்கிருந்து வரும்? கீறு வளரவேண்டும். ஆறாந் தரத்தில் ஒரு சொல்; அடுத்து இரண்டு மூன்று சொற்கொண்ட தொடர்; அதற்கடுத்துப் பாதி வாக்கியம். 'பிகாஸ் த பஸ் வாஸ் லேட், ......' என்று கொடுத்துவிட்டு, முப்பது பிள்ளைகளும் முப்பது விதமாக முடிக்கட்டும். பின்னர் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மாத்திரம் கொடுத்து, நடுவே முழுவதும் கீறாக விடுங்கள். கடிதம் என்பது அதுதான். இதற்கு விடைப் புத்தகம் உதவாது; ஆசிரியர் ஒவ்வொரு கொப்பியையும் வாசிக்கவேண்டும். இந்த அப்பியாசத்தைப் பலர் விரும்பாமைக்குக் காரணமும் அதுவே என்று நினைக்கிறேன்.

ஆங்கிலம் அறியாத பெற்றோர் தம்மால் என்ன செய்யமுடியும் என்று கேட்கலாம். பிள்ளையின் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில், படித்து முடித்த பக்கமொன்றைத் திறந்து வையுங்கள். பிள்ளையை அப்பால் திரும்பச் சொல்லி, ஐந்தாறு சொற்களின்மேல் ஒவ்வொரு புளியங்கொட்டை வையுங்கள். முதல் வாக்கியத்தில் மட்டும் வைக்கவேண்டாம். கதை எதைப் பற்றியது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். பிறகு பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் தாளில் எழுதி, சாட்சியையும் விரலாற் காட்டட்டும். அதன்பின் கொட்டையை எடுத்துவிட்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. பிள்ளை எழுதியது வேறு சொல்லாயிருந்தால் அதனைப் பிழையென்று வெட்டிவிடாதீர்கள். இரண்டு சொற்களையும் பக்கத்திற் பக்கம் எழுதி, மறுநாட் காலையிலே ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.